அது எம்.எஸ்ஸி. பாடம்

1970 மே மாதம் பி.எஸ்ஸி. தேர்வு முடிவு வந்த பிறகு, கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டியிருந்த காலனிக்குப் புத்தி சொல்ல வருகிறவர்கள் அதிகமானார்கள். எல்லோரும் வந்தது சாலமோன் வீட்டுக்கு. சாலமோனின் மகள் சாராள் விலங்கியலில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். அந்தக் காலனியில் அதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தபால்காரர், இன்னொருவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். ஆனாலும் இவள் மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்ன செய்யப் போகிறாய் என்று அவளைக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவர் சபைப் போதகர் மோசஸ். சாராளின் அம்மா செண்பகம் கொடுத்த மோரைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பி.டி. பண்ணிடும்மா. ஒரே வருஷம். மீஞ்சூர் மிஷன் ஸ்கூல்ல நானே சொல்லி வெக்கிறேன். கௌரவமா டீச்சரம்மாவா உக்காந்துக்கலாம்."

"நான் எம்.எஸ்ஸி. படிக்கப் போறேங்க."

"அதுல இன்னா சொல்லித் தராங்க?"

"ஃபிசியாலஜி, செல் பயாலஜி. உடம்பு எப்படி வேல செய்யுது, செல்லு எப்படி வேல செய்யுதுன்னு."

"செல்லுன்னா?"

"உடம்பே அதாலதாங்க ஆகியிருக்குது."

போதகர் பொறுமையாகச் சிரித்தார். "உடம்பு மண்ணால ஆனதும்மா."

"அப்ப மண்ணைப் பத்திப் படிக்கப் போறேன்னு வெச்சிக்குங்க."

செண்பகம் மகளின் தொடையில் கிள்ளினாள். போதகர் இன்னொரு டம்ளர் மோரும் குடித்துவிட்டு, படிப்பு ஏறினால் பணிவு இறங்கும் என்று சாலமோனிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வாய்க்கொழுப்பு என்ற பேச்சு காலனியில் முன்பே உண்டு. அன்றைக்கு அது சபைக்கும் போய்ச் சேர்ந்தது.

சாலமோன் ரெட்டியார் நிலத்தில் கூலி. நடவும் அறுப்பும் இல்லாத நாட்களில் தவளை பிடிப்பார். சென்னையில் கல்லூரிகளுக்குத் தவளை தேவைப்பட்டது. மாணவர்கள் அறுத்துப் பார்க்க, நரம்பை எடுத்துச் சோதனை செய்ய, ஒவ்வொரு பருவத்துக்கும் நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். சாலமோன் அவற்றை ஈரக்கோணியில் கட்டி, காலைப் பாசஞ்சர் ரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளி, சென்ட்ரல் வரை கொண்டுபோவார். பொன்னேரியில் ஏறுகிற ஆபீஸ்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, நாற்றம் நாற்றம் என்பார்கள். அவர்களுடைய டிபன் பாக்ஸ் நாற்றத்தைப் பற்றிச் சாலமோன் ஒருநாளும் பேசியதில்லை.

சாராள் எட்டு வயதிலிருந்து அப்பாவுக்கு உதவியவள். தவளையின் பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடிக்கத் தெரியும். கட்டைவிரலை எங்கே அழுத்தினால் அது துள்ளாது என்று தெரியும். எது பெண், எது ஆண், எது நாளைக்குச் செத்துவிடும் என்று தொட்டே சொல்வாள். பின்னால் சென்னையில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து முதல் தவளையை மேசையில் வைத்தபோது, பக்கத்து மேசைப் பெண்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி விழுந்தது நடிப்பு என்று சாராள் கண்டுபிடித்தாள். நல்ல புடவை கசங்காத பக்கமாகப் பார்த்து விழுந்திருந்தாள்.

அந்தக் கல்லூரியின் மூன்றாம் வருஷத்தில்தான் எம்.எஸ்ஸி. எண்ணம் வந்தது. தவளையின் இதயத்தை உடம்பிலிருந்து வெட்டி எடுத்து, உப்புக் கரைசல் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். நரம்பு கிடையாது, ரத்தம் கிடையாது, மூளை எப்போதோ போய்விட்டது. இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் படம் வரைந்து, பாகங்களுக்குப் பெயர் எழுதி, விடுதிக்குக் கிளம்பிவிட்டார்கள். சாராள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், யாரு சொல்லி இது துடிக்குது?"

விரிவுரையாளர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது எம்.எஸ்ஸி. பாடம். உனக்கு எக்ஸாமுக்கு வராது."

தெரியாது என்று சொல்லியிருந்தால் சாராள் விட்டிருப்பாள். பதிலை எங்கோ மேல்மாடியில் வைத்துப் பூட்டியிருப்பதுபோலச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். எந்தக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் இருக்கிறது, எதில் உடல் இயங்கியலும் செல் உயிரியலும் சிறப்புப் பாடம், எதில் வெறும் பூச்சியும் மீனும், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது, யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னிமரா நூலகத்துக்குப் போய், எம்.எஸ்ஸி.க்காரர்கள் படிக்கும் புத்தகங்களில் பாதி புரியாமலே படித்தாள். சென்னைக்குள் அவளுக்குத் தோதான இடம் ஒன்றுதான் தேறியது. பெரிய கல்லூரி, பழைய கட்டடம், மொத்தம் பன்னிரண்டு இடம். அந்தத் துறைக்குச் சாலமோன் ஏழெட்டு வருஷமாகத் தவளை கொடுத்துவந்தார். நோட்டில் அதை அவள் எழுதவில்லை.

துறைத் தலைவர் பேராசிரியர் ஸம்பத்குமார். திருவள்ளூரில் கோயிலுக்குப் பக்கத்து வீதியில் வீடு. தினமும் ரயிலில் வந்து போகிறவர். தவளையின் நரம்பைப் பற்றி எட்டுக் கட்டுரைகள் எழுதியிருந்தார். அதில் ஒன்று ஜெர்மனியில் அச்சானது. அவர் தவளையைக் கையால் தொட்டு இருபது வருஷம் இருக்கும். அதற்கு அட்டெண்டர் சுப்பிரமணி இருந்தார்.

ஜூன் மாதம் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், பேசியது ஸம்பத்குமார் மட்டும்.

"அப்பா என்ன பண்றார்?"

"கூலி வேலைங்க. தவளையும் பிடிப்பார். உங்க டிபார்ட்மெண்ட்டுக்குக் கொடுக்கறதும் அவர்தான்."

பேராசிரியர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். "அட, நம்ம சாலமோன் பொண்ணா! அப்போ ஸப்ளை பண்ணிண்டிருந்தவா இப்போ மேஜைக்கு இந்தப் பக்கம் வராளா?" மூன்று பேரும் சிரித்தார்கள். அதில் வன்மம் எதுவும் இல்லை. வன்மம் இருந்திருந்தால்கூடத் தன்னை ஒரு பொருட்டாக மதித்தார்கள் என்று சாராள் எடுத்துக்கொண்டிருப்பாள்.

"எம்.எஸ்ஸி. பண்ணி என்ன பண்ணப்போறே? சொல்லு. ஸ்கூல் டீச்சர்தானே? அதுக்கு பி.டி. போறுமே. இங்கே ஒரு ஸீட்டுங்கறது ஒரு ஆராய்ச்சியாளன். உனக்குக் கொடுத்தா இன்னொருத்தன் போயிடுவான்."

"பாடத்துல ஏதாவது கேளுங்க சார்."

"கேக்கணும்னா கேப்போம்," என்றார். கேட்கவில்லை. முடிவு வந்தபோது காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. பட்டியலில் மொத்தமே அவள் பெயர் ஒன்றுதான்.

ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம் சாலமோன் சென்னையிலிருந்து திரும்பி வந்து, கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"காலேஜுல ஒரு முக்காலி காலியாக் கெடக்குதாம் சாரா. யாரோ ஒரு புள்ளாண்டான் டாக்டருக்குப் படிக்கப் பூட்டானாம். சுப்பிரமணி சொன்னாரு."

"எந்தக் காலேஜ் நைனா?"

"அதான், ஒன்ன வாணாம்னாங்களே."

"எப்ப?"

"போன வாரமேன்னாரு."

அவளுக்குக் கடிதம் எதுவும் வந்திருக்கவில்லை. தபால்காரர் பக்கத்து வீடு. வந்திருந்தால் அவர் பிரித்துப் படித்தாவது சொல்லியிருப்பார். மறுநாள் காலைப் பாசஞ்சரில் அப்பாவும் மகளும் ஈரக்கோணியோடு கிளம்பினார்கள். கல்லூரியில் சாலமோன் கோணியை ஸ்டோர் ரூமில் கொடுக்கப் போனார். முடித்துவிட்டுக் கீழே மரத்தடியில் இருப்பதாகச் சொன்னார். சாராள் மாடிக்குப் போனாள்.

சோதனைக்கூட வாசலிலேயே பேராசிரியர் நின்றிருந்தார். உள்ளே முதலாண்டு எம்.எஸ்ஸி. மாணவர்கள் பதினொரு பேர். தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு சேர்த்துப் பிரித்தெடுத்து, நரம்பில் மின்சாரம் தொட்டு, தசை சுருங்குவதைப் புகைக்கரி பூசிய காகித உருளையில் கோடாக வரையச் செய்யும் சோதனை. உருளைகள் சுற்றின. கோடுகள் தரை போலத் தட்டையாக ஓடின.

"வெயிட்டிங் லிஸ்ட்ல நான் முதல்ல இருக்கேன் சார்," என்றாள் சாராள்.

"லெட்டர் வந்துதா?"

"வரல்ல."

"பின்னே எதுக்கு வந்தே?"

"ஏன் வரல்லன்னு கேக்க வந்தேன்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிளாஸ் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆயிடுத்து. பிராக்டிகல்ல பிடிச்சுக்க முடியாது. பாரு, இவாளுக்கே இன்னும் வரலை. எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ். நீ பண்ணிடுவியோ?"

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. சாராள் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள்.

"பண்ணிடுவேன் சார்."

பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். வேடிக்கையாக இருக்கும் என்றோ என்னவோ, பேராசிரியர் தலையை ஆட்டினார். சுப்பிரமணி தொட்டியிலிருந்து ஒரு தவளையை எடுத்து நீட்டினார். சாராள் அதைத் திருப்பிக் கொடுத்து, தானே தொட்டியில் கைவிட்டு வேறொன்றை எடுத்தாள். ஊசி தலைக்குப் பின்னால் இறங்கியது தெரியவே இல்லை. தோலைக் காலுறையைக் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் உரித்தாள். தொடையின் இரண்டு தசைகளுக்கு நடுவே வெள்ளை நூலாக நரம்பு தெரிந்தது. பையன்கள் எல்லோரும் அதை இரும்பு இடுக்கியால் பிடித்து இழுத்திருந்தார்கள். அங்கேயே அது செத்துப்போயிருந்தது. சாராள் வளைந்த கண்ணாடிக் குச்சியால் அதைத் தூக்கினாள். நிமிஷத்துக்கு ஒருமுறை கரைசலைச் சொட்டவிட்டாள். தசையை நெம்புகோலில் கட்டி, உருளையைச் சுற்றவிட்டு, மின்சாரச் சாவியை அழுத்தினாள்.

கரியில் ஊசி மேலே ஏறி, மெதுவாக வளைந்து, கீழே இறங்கியது. மறுபடி அழுத்தினாள். அதே உயரம், அதே வளைவு. பாடப்புத்தகத்தில் அச்சடித்திருந்த படம் அங்கே உருளையில் ஓடிக்கொண்டிருந்தது. சுப்பிரமணி வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

பேராசிரியர் காகிதத்தைக் கழற்றச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிஜமாகவே ரசித்துத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேஷ். கை ரொம்ப நன்னா இருக்கு. சுப்பிரமணி அடுத்த வருஷம் ரிடயர் ஆறான். அட்டெண்டர் போஸ்ட் காலியாகும். ஒரு அப்ளிகேஷன் போட்டு வை, நான் சொல்றேன்."

பதினொரு பேரில் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் உருளையைப் பார்த்தார்கள்.

சாராள் கையைக் கழுவி, தாவணித் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "உங்க கை எப்படி இருக்கும் சார்? இன்னொரு தவளை எடுத்துத் தரட்டுமா? அதையும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

சோதனைக்கூடத்தில் ஒரு உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பேராசிரியரின் நெற்றியில் நாமம் சுருங்கியது.

"வெளியே போ."

போனாள். அந்த முக்காலி இரண்டு வருஷமும் காலியாகவே கிடந்தது. காலி முக்காலியால் துறைக்குத் தொந்தரவு ஏதும் இல்லை.

திரும்பும் ரயிலில் சாராள் நடந்ததைச் சொன்னாள். சாலமோன் வெறுங்கோணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எண்ணூர் உப்பளங்களைப் பார்த்தபடி கேட்டார்.

"இனிமே அந்தக் காலேஜுக்குத் தவள குடுக்காத நைனா."

"நானு குடுக்கலன்னா வேற ஆளு குடுப்பான்."

"குடுக்கட்டும். நீ குடுக்காத."

"அறுப்பு இல்லாத மாசத்துல நாம இன்னாத்த துன்னோம்னு மறந்து பூட்டியா? ஒன்ன ஆஸ்டல்ல சேத்தது எது? அந்தத் தவளதான்."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

"அப்ப நீயும் அவருக்கு அட்டெண்டருதான் நைனா. காக்கிச் சட்ட ஒண்ணுதான் குறச்சல்."

சொன்னது தப்பு என்று பொன்னேரி வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மற்றவர்களைப் பற்றி அவளுக்கிருந்த இளக்காரம் அவளிடமிருந்து வெளியே போகத்தான் பழகியிருந்தது, உள்ளே திரும்பப் பழகவில்லை. அடுத்த வாரம் சாலமோன் வழக்கம்போல ஈரக்கோணியைத் தூக்கிக்கொண்டு அதே கல்லூரிக்குப் போனார். சாராள் அவருக்குக் கஞ்சி ஊற்றக்கூட எழுந்திருக்கவில்லை.

அதன்பின் இரண்டு வருஷம் மீஞ்சூர் பள்ளியில் பயிற்சி பெறாத ஆசிரியையாக வேலை பார்த்தாள். போதகர் சொன்ன அதே பள்ளி. அவர் சிபாரிசு இல்லாமலே கிடைத்தது. கிடைத்த பிறகு தன் சிபாரிசுதான் என்று சொல்லிக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பில் அவள் இதயத்தைப் பற்றி மூன்று நாள் பாடம் நடத்தியதும் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"இதயம் துடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். ஏன் துடிக்குதுன்னு உள்ள போனீங்கன்னா போர்ஷன் முடியாது."

நாற்பது பக்க நோட்டு தீர்ந்து, எண்பது பக்க நோட்டு வாங்கினாள். இந்தத் தடவை திட்டத்தில் சென்னை இல்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாக ஆறு பல்கலைக்கழகங்களுக்கு எழுதினாள். கேட்டது மூன்றே விஷயம்: உடல் இயங்கியலும் செல் உயிரியலும் உண்டா, மதிப்பெண்ணை வைத்து இடமா நேர்முகம் வைத்து இடமா, பெண்களுக்கு விடுதி உண்டா. இரண்டு இடத்திலிருந்து பதில் இல்லை. மூன்று இடத்திலிருந்து அச்சடித்த காகிதம் வந்தது. அவள் கேட்ட மூன்றைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருந்தது. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் அஞ்சலட்டை. அந்தத் துறையில் ரீடராக இருந்த செங்கமலவல்லி கையால் எழுதியிருந்தார்: "உண்டு. மார்க் போதும், நேர்முகம் இல்லை. ஹாஸ்டல் உண்டு, சாம்பார் மோசம். விண்ணப்பத்தை ஜூன் பத்துக்குள் அனுப்பு." சாராள் அந்த அட்டையை நான்கு தடவை படித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மனுஷி ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்று நம்ப அத்தனை தடவை தேவைப்பட்டது.

இடம் கிடைத்தது. உதவித்தொகைக்காக ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் ஃபாரத்தைப் புரட்டினார்.

"ஜாதி?"

சொன்னாள்.

"மதம்?"

"கிறிஸ்டியன்."

"அப்ப இந்த ஃபாரம் ஒனக்கு இல்லம்மா. மதம் மாறிட்டா இது கெடையாது. வேற ஃபாரம், அதுல கொறச்சலாத்தான் வரும்."

"நாங்க மாறினது ரெட்டியாருக்கு இன்னும் தெரியாதுங்க. பழைய ஜாதியச் சொல்லித்தான் கூப்புடறாரு. நீங்க ஆபீஸ் சீல் வெச்சி அவருக்கு ஒரு கடுதாசி போட்டுடுங்களேன்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேறு ஃபாரத்தை மேசையில் தள்ளினார். அதில் வந்தது பாதிக்கும் காணாது. மீதிக்கு அவளுடைய இரண்டு வருஷத்துச் சம்பளம் இருந்தது.

1972 ஜூன் மாதம் எழும்பூரில் ரயில் ஏற்றிவிடச் சாலமோன் வந்தார். இரண்டு வருஷமாக அப்பாவுக்கும் மகளுக்கும் அவசியப் பேச்சுதான். தகரப்பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, பிளாட்பாரத்தில் ஜன்னலருகே நின்றார்.

"அது இன்னா சொல்வ, செல்லு. அது இன்னாது?"

"உடம்புக்குள்ள சின்னச் சின்னதா ஊடு மாதிரி இருக்கும் நைனா. கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணுக்கும் செவுரு, வாசல் எல்லாம் இருக்குது. எது உள்ள வரணும், எது வெளிய போவணும்னு அந்த வாசல்லதான் முடிவாவுது."

சாலமோன் கொஞ்சம் யோசித்தார். "அங்கயும் வாசல்ல நிக்க வெச்சி முடிவு பண்றானா? நல்லாருக்குது கத."

ரயில் கிளம்பிவிட்டது. சாராள் செங்கல்பட்டு வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனாள். அவளைவிட அவருக்கு இளக்காரம் அதிகம், வெளியே காட்டுவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

சாம்பார் சொன்னபடியே மோசம். சோதனைக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் தனி மேசை. முதல் பருவத்தில் தவளை இதயம் வந்தது. சாராள் மூன்று வருஷமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். செங்கமலவல்லி கரும்பலகை நிறைய வரைந்து விளக்கினார்: இதயத்தின் ஒரு மூலையில் சில செல்கள் இருக்கின்றன, அவற்றின் சுவர் வழியே உப்பு அயனிகள் தாமாகவே கசிந்துகொண்டிருக்கும், கசிவு ஒரு அளவைத் தாண்டியதும் அந்தச் செல்கள் தாமே கிளர்ந்து மற்றவற்றையும் கிளப்பிவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏன் அந்த செல் மட்டும் கசியுது மேடம்?"

"பாதிதான் தெரியும். மீதி எனக்கும் தெரியாது, வேறே யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எவனாவது பேசினா, அவன் புஸ்தகத்தை வாங்காதே."

'அது பிஎச்.டி. பாடம்' என்று சொல்லியிருந்தால் சாராள் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். இருந்து, இரண்டு வருஷமும் படித்து, 1974 மே மாதம் முதல் வகுப்பில் தேறினாள்.

ஊருக்குத் திரும்பியபோது போதகர் மோசஸ் சபையில் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். நோட்டீஸே அடித்துவிட்டார். அதில் சாராளின் பெயரைவிட அவர் பெயர் ஒரு அளவு பெரிய எழுத்தில் இருந்தது. "சபையின் ஊக்கத்தால் உயர்ந்த மகள்" என்று தலைப்பு.

"நான் வர மாட்டேன்," என்றாள் சாராள்.

"ஊரே வருது. இன்னா பேஜாரு பண்ற நீ?" என்றாள் செண்பகம்.

"அவரு ஊக்கந்தானே? அவரே போத்திக்கட்டும் ஷால."

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் ஆரம்பித்தது. மகளுக்குப் பதிலாகச் சாலமோன் போனார். சாராள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். சபைக்குப் பின்னால் போகாமல் கிணற்றுக்குப் போக வழி உண்டு; அவள் பின்னால்தான் போனாள். ஜன்னல் வழியாகப் போதகரின் குரல் கேட்டது. கல்வியைப் பற்றியும் பணிவைப் பற்றியும் அரைமணி நேரம் பேசி, ஷால் போர்த்தி, ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று சாலமோனைத் தள்ளிவிட்டார்.

சாலமோன் நெடுநேரம் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. எம் பொண்ணு படிச்சதோட பேரும் வாயில நொழையாது. பிசாலஜி." கூட்டம் சிரித்தது. "சிரிங்க. நானும் சிரிச்சவன்தான். நாலு வருஷத்துக்கு முன்ன மெட்ராஸ்ல ஒரு காலேஜுல எம் பொண்ண நிக்க வெச்சி, அட்டெண்டரா வரியான்னு கேட்டாங்க. அதுக்குத் தெரியாது, நானு மாடிப்படியில நின்னுக்கினு இருந்தேன், வெறுங்கோணியோட. எல்லாம் காதுல உழுந்துது. உள்ள போவல. கீழ எறங்கி மரத்தடியில வந்து உக்காந்துக்கினேன். அடுத்த வாரமும் போயித் தவள குடுத்தேன். எனக்கு வேற வழி தெரியல. அதுக்குத் தெரிஞ்சிது. அவ்ளோதான். சபைக்கு இதுல ஒரு ஜோலியும் கெடையாது."

உட்கார்ந்துவிட்டார். போதகர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடும் சலசலப்பு கேட்டது.

ஜன்னலுக்கு வெளியே சாராள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். வெறுங்குடம் அத்தனை கனக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. படியில் நின்றிருந்தார் என்றால், அட்டெண்டர் என்று ரயிலில் அவள் சொன்னபோது அதை அவர் அன்றைக்கு இரண்டாவது தடவையாகக் கேட்டிருக்கிறார். ஆறேழு நிமிஷம் அங்கேயே நின்றாள். பிறகு கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாலமோன் வந்து சட்டையைக் கழற்றினார். சாராள் தட்டு வைத்து, அவள் கையாலேயே சோறு போட்டாள்.

"ஷாலு எங்க நைனா?"

"போதகர் கைலயே குடுத்துட்டேன். இந்த வெயிலுக்கு அத்த எவன் போத்திக்கினு திரிவான்?"

"மீன் கொழம்பு ஊத்தட்டா?"

"ஊத்து."

அவ்வளவுதான் பேசினார்கள். போதுமானதாக இருந்தது.

மறு வருஷம் ஒரு அரசுக் கல்லூரியில் உதவி விரிவுரையாளராக அவளுக்கு உத்தரவு வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு நாள் பயணம். சேர்ந்த அன்றைக்குச் சோதனைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேசைகள் துடைத்து வைத்தாற்போல் காலி. பதினொரு மைக்ரோஸ்கோப்புகள் இரும்பு பீரோவுக்குள், துணி போர்த்தி, வாங்கிய நாளின் சீட்டோடு இருந்தன. சாவி ஸ்டோர் கீப்பரிடம். ஆறு வருஷத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்கு மட்டும் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

"பசங்க கைல குடுத்தா ஒடச்சிப்புடுவாங்கம்மா," என்றார் ஸ்டோர் கீப்பர். "ஒடஞ்சா யாரு பொறுப்பு?"

"ஒடையாம வெச்சி நீங்க இன்னா பாத்தீங்க அதுல?"

ஸ்டோர் கீப்பருக்குக் கேள்வி புரியவில்லை. சாராள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டாள். அந்த வருஷம் இரண்டு லென்ஸ் உடைந்தன. முதல்வர் விளக்கம் கேட்டு எழுதினார். பார்க்கும்போது உடைந்தது என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பினாள். சாவியைத் திருப்பித் தரவில்லை.